மேலே ஒரு கை வேண்டுமா? ரெய்கியும் வேறு சில வழிகளும்

போன வருஷம் ஆடி மாதம் முழுக்க எனக்கு ராத்திரி இரண்டரை மணிக்கு முழிப்பு வந்துவிடும். பக்கத்து அறையில் அத்தை இருமுகிறாரா என்று காதைத் தீட்டிக்கொண்டு படுத்திருப்பேன். அவர் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருப்பார், எனக்குத்தான் திரும்பத் தூக்கம் பிடிக்காது. காலையில் வங்கிக்குப் போய்க் கவுன்டரில் உட்கார்ந்தால் தோள்பட்டை இரண்டும் காதுவரை ஏறி நிற்கும். "ராத்திரியில பல்லை நறநறன்னு கடிக்கிறீங்க, தேய்ஞ்சிருக்கு பாருங்க" என்று பல் டாக்டர் கண்ணாடியில் காட்டினார்.

படுத்த படுக்கையான மாமியாரைப் பார்த்துக்கொள்கிற எந்த வீட்டிலும் இது புதுசில்லை. ஆளாளுக்குச் சொன்ன யோசனைகள்தான் என்னைத் திணறடித்தன. கோயம்புத்தூரில் இருக்கும் மதினி, "நான் ரெய்கியில ரெண்டு லெவல் முடிச்சிருக்கேன், ஒரு தடவை வந்து படு" என்றார். படுக்கவைத்து உடம்பில் கை வைத்துச் செய்யும் ஜப்பானிய முறை அது. கூட வேலை பார்க்கும் பெண் யோக நித்திரை ஒலிப்பதிவு ஒன்றை வாட்ஸாப்பில் அனுப்பினாள். அத்தைக்கு வரும் பிசியோதெரபிஸ்ட், தசையை இறுக்கித் தளர்த்தும் பயிற்சி ஒன்றைச் சொல்லிக்கொடுத்தார். எங்க வீட்டுக்காரரின் வைத்தியம் ஒன்றே ஒன்றுதான்: "சனிக்கிழமை நல்லெண்ணெய் தேய்ச்சுக் குளி."

நான்கையும் செய்து பார்த்தேன். கணக்குப் பார்க்கிற தொழில் என்பதால் ஒவ்வொன்றையும் பற்றித் தேடிப் படிக்கவும் செய்தேன். இதே நிலையில் நின்று ரெய்கிக்குப் பணம் கட்டலாமா வேண்டாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்த நான்கில் எதையும் தொடங்குவதற்கு முன்பு குடும்ப டாக்டர் என்னை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினார். ஹீமோகுளோபின் 9.1. என் களைப்பில் பாதி, இரும்புச் சத்து மாத்திரையில் தீர்ந்தது. அந்த மாத்திரை இல்லாமல் நேராக ரெய்கிக்குப் போயிருந்தால், இரண்டு மாதம் கழித்தும் களைப்பு தீராமல் என்ன நினைத்திருப்பேனோ. தைராய்டு, ரத்தசோகை, ரத்த அழுத்தம், சர்க்கரை இவற்றைப் பார்க்காமல் ஓய்வுப் பயிற்சிக்கு ஓடாதீர்கள். நெஞ்சு இறுக்கம் என்றால் முதலில் இசிஜி.

ரெய்கி எங்கிருந்து வந்தது

நம்மூர்த் துண்டறிக்கைகளில் 'பல்லாயிரம் ஆண்டுப் பழமையான ரகசியம்' என்று போட்டிருப்பார்கள். அவ்வளவு பழசெல்லாம் இல்லை. ஜப்பானின் கிஃபு மாகாணத்தில் 1865இல் பிறந்தவர் மிகாவோ உசுயி. 1922இல் கியோத்தோவுக்கு வடக்கே இருக்கும் குராமா மலையில் 21 நாள் விரதம் இருந்தபோது இது அவருக்குக் கிட்டியதாகச் சொல்கிறார்கள். மறு வருஷம் செப்டம்பரில் கான்டோ நிலநடுக்கம் தோக்கியோவைப் புரட்டிப்போட்டது. அப்போது அவர் அடிபட்டவர்களுக்குக் கைவைத்துச் சிகிச்சை செய்தார் என்று அவருடைய சீடர்கள் 1927இல் எழுப்பிய நினைவுக் கல்லில் பொறித்திருக்கிறார்கள். அவர் 1926இலேயே காலமாகிவிட்டார். மொத்தத்தில் வயது நூறைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது. எங்கள் மதுரைக் கீழமாசி வீதிப் பக்கம் இதைவிட வயதான கடைகள் இருக்கும்.

சொல்லுக்குப் பொருள் பார்த்தால், 'கி' என்பது நாம் பிராணன் என்கிறோமே, ஏறக்குறைய அது. 'ரெய்' என்பது ஆவி, தெய்விகம், கண்ணுக்கு எட்டாதது என்றெல்லாம் விரியும் சொல். அந்தச் சக்தி சிகிச்சை தருபவரின் உள்ளங்கை வழியாகப் பெறுபவருக்குப் பாய்கிறது என்பது நம்பிக்கை. கற்பவரை அதற்குத் திறந்துவிடும் சடங்கு ஒன்று உண்டு, நம்மில் குரு தீட்சை கொடுப்பதுபோல. இதோடு தினமும் சொல்லிக்கொள்ள ஐந்து வரிகளும் உசுயி வைத்துப்போனார். 'இன்றைக்கு மட்டும் கோபப்படாதே, கவலைப்படாதே, நன்றியோடு இரு, உன் வேலையை ஒழுங்காகச் செய், எல்லோரிடமும் அன்பாயிரு.' அந்த 'இன்றைக்கு மட்டும்' எனக்குப் பிடித்திருக்கிறது. ஆயுசுக்கும் கோபப்படமாட்டேன் என்று சத்தியம் பண்ணச் சொல்லவில்லை பாருங்கள்.

உசுயியிடம் கற்றவர்களில் சுஜிரோ ஹயாஷி என்ற முன்னாள் கடற்படை அதிகாரி தோக்கியோவில் ஒரு சிகிச்சை நிலையம் நடத்தினார். ஹவாயில் பிறந்த ஜப்பானியப் பெண் ஹவாயோ தகாட்டா 1935இல் உடம்புக்கு முடியாமல் அங்கே வந்து சேர்ந்தார், குணமானார், தொழிலையும் கற்றுக்கொண்டு 1937இல் ஹவாய்க்குத் திரும்பினார். ஜப்பானுக்கு வெளியே நமக்குத் தெரிந்த ரெய்கியில் பெரும்பகுதி இந்த ஒரு பெண்மணி வழியாக வந்ததுதான். உசுயி ஒரு கிறிஸ்தவ ஆசிரியர், சிகாகோவில் டாக்டர் பட்டம் வாங்கியவர் என்று தகாட்டா கதை சொல்லிவந்தார். சிகாகோ பல்கலைக்கழகத்தில் அப்படி ஒரு பதிவே இல்லை. அமெரிக்கர்கள் காதுக்கு இதமாக இருக்கட்டும் என்று மாற்றியிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவரை மாஸ்டர், அதாவது மற்றவர்களுக்குக் கற்றுத்தரும் குரு, ஆக்குவதற்கு அவர் வாங்கிய கட்டணம் 10,000 டாலர். 1980இல் இறப்பதற்குள் 22 பேரை மாஸ்டர் ஆக்கியிருந்தார்.

இன்னொரு வேடிக்கை. இப்போது ரெய்கி வகுப்புக்குப் போனால் மூலாதாரம், சுவாதிஷ்டானம் என்று ஏழு சக்கரங்களை வரைந்து காட்டுவார்கள். உசுயி சொன்னதில் சக்கரம் கிடையாது. நம் சக்கரம் அமெரிக்காவுக்குப் போய், அங்கே ரெய்கியோடு ஒட்டிக்கொண்டு, பிறகு நமக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

மாடி அறையில் ஒரு மணி நேரம்

மதினி வீட்டு மாடி அறை. கட்டிலில் கோரைப்பாய், மேலே வெள்ளை வேட்டியை நான்காக மடித்து விரித்திருந்தார். சேலையோடே படுத்துக்கொள்ளலாம், எதையும் கழற்ற வேண்டாம். வளையலையும் வாட்சையும் மட்டும் கழற்றச் சொன்னார். போனை அணைத்துக் கீழே வைத்துவிட்டு வரச் சொன்னார். எனக்கு அதுவே பெரிய காரியமாக இருந்தது. அத்தை படுத்ததிலிருந்து ஒன்றரை வருஷமாக நான் போனை அணைத்ததே இல்லை.

"ஏதாவது நினைக்கணுமா மதினி?"

"ஒண்ணும் வேணாம். தூக்கம் வந்தா தூங்கு. அழுகை வந்தா அழு. குறட்டை விட்டாலும் நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

முதலில் கண்கள் மேல் இரண்டு கைகள். அமுக்கவில்லை, வெறுமனே வைத்திருந்தார். கொஞ்ச நேரத்தில் கை சூடாகத் தெரிந்தது. சக்தியோ என்னவோ, மூடிய கண்மேல் யார் கை வைத்தாலும் அந்தச் சூடு தெரியும் என்று பிறகு வீட்டில் மகளை வைத்துச் சோதித்துப் பார்த்தேன், தெரியத்தான் செய்கிறது. அப்புறம் கன்னப்பொறி, பின்மண்டை, தொண்டைக்குச் சற்று மேலே தொடாமல், நெஞ்சுக்கு மேலே, வயிறு. ஒவ்வொரு இடத்திலும் மூன்று, நான்கு நிமிஷம். பின்மண்டையைக் கை ஏந்தியபோதுதான் என் கழுத்து இவ்வளவு நாளாகத் தலையை விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கே தெரிந்தது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. மூன்றாவது விசிலை எண்ணினேன், நான்காவது எனக்குக் கேட்கவில்லை. வயிறு ஒரு தடவை சத்தமாக உறுமியது. திரும்பிக் குப்புறப் படுக்கச் சொன்னபோது தலையணை ஈரமாக இருந்தது, அழுதது ஞாபகமில்லை.

எழுந்ததும் ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார். அன்றைக்கு ராத்திரி கோவையிலேயே தங்கி, விடிய ஐந்தரைவரை தூங்கினேன். மறுநாள் மதுரை. அன்று ராத்திரி பழையபடி இரண்டரை மணி.

எது வேலை செய்கிறது

அந்தத் தூக்கத்துக்கு மதினியின் உள்ளங்கையில் பாய்ந்த சக்தி காரணமா? ஒன்றரை வருஷத்தில் முதன்முறையாக ஒருத்தர் என்னைப் படுக்கவைத்து, ஒரு மணி நேரம் வாய் திறக்காமல், முழுக் கவனத்தையும் என்மேல் வைத்திருந்தது காரணமா? பணம் கட்டுவதற்கு முன்னால் இந்தக் கேள்வியைக் கேட்காமல் விட முடியவில்லை.

இதைப் பிரித்துப் பார்க்க ஆராய்ச்சியாளர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ரெய்கி தெரியாத ஒருவரை அதே இடங்களில் அதே நேரம் கை வைக்கச் சொல்வது, அதாவது பொய் ரெய்கி. 2011இல் வெளியான ஓர் ஆய்வில் கீமோதெரபி ஏற்றிக்கொள்ள வந்த 189 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு நிஜ ரெய்கி, ஒரு பிரிவுக்குப் பொய் ரெய்கி, மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். வழக்கமான கவனிப்பைவிட நிஜ ரெய்கிக்காரர்களுக்கு உடம்பும் மனசும் இதமாக இருந்தது. பொய் ரெய்கிக்காரர்களுக்கும் அப்படித்தான். பக்கத்தில் ஒரு நர்ஸ் தனக்கென்று உட்கார்ந்திருந்ததே அந்த இதத்தைக் கொடுத்திருக்கிறது.

உடம்பு முழுக்கத் தசைவலியால் அவதிப்படுகிற ஃபைப்ரோமயால்ஜியா நோயாளிகள் 100 பேரிடம் நடந்து 2008இல் வெளியான சோதனையில் வலி எந்தப் பிரிவிலும் குறையவில்லை. மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் ரெய்கி உதவுமா என்று காக்ரேன் அமைப்பு 2015இல் இருக்கிற ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. தேறியது மூன்று ஆய்வுகள், மொத்தம் 124 பேர். உதவும் என்றோ உதவாது என்றோ சொல்ல இது போதாது என்று முடித்துவிட்டார்கள்.

ரெய்கிக்குப் பங்காளி முறையான 'தெரப்யூட்டிக் டச்' என்ற ஒன்று, அடுத்தவர் உடம்பின் சக்தியைத் தொடாமலே உள்ளங்கையால் உணர முடியும் என்பது, அமெரிக்க நர்ஸுகளிடம் பிரபலமாக இருந்தது. அதில் கைதேர்ந்த 21 பேரை, எமிலி ரோசா என்ற ஒன்பது வயதுச் சிறுமி பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகச் சோதித்தாள். நடுவில் ஓர் அட்டைத் தடுப்பு. அதன் அடியில் அவர்கள் இரண்டு உள்ளங்கைகளையும் நீட்ட வேண்டும். சிறுமி ஏதாவது ஒரு கைக்கு மேலே தன் கையைக் கொண்டுபோவாள். எந்தக் கை பக்கம் 'சக்தி' தெரிகிறது என்று அவர்கள் சொல்ல வேண்டும். 280 முறையில் சரியாகச் சொன்னது 123 முறை. காசு சுண்டிப் போட்டிருந்தால் பாதியாவது வந்திருக்கும். 1998இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் இதழே அதை வெளியிட்டது.

இதையெல்லாம் மதினியிடம் சொன்னேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, அன்னைக்குத் தூங்கினியா இல்லையா?" என்று மட்டும் கேட்டார். தூங்கினேன் என்பதை என்னால் மறுக்க முடியவில்லை. நான் அவரிடம் வாங்கியது சக்தி என்று எனக்குத் தோன்றவில்லை. ஒரு மணி நேரமும் ஒரு கையும் வாங்கினேன். இப்படிப் பார்க்க ஆரம்பித்தபோது மற்ற வழிகளோடு ஒப்பிடுவது சுலபமாகிவிட்டது. எந்தச் சக்தி உசத்தி என்று பார்க்க வேண்டியதில்லை, எனக்கு இன்னொருத்தர் கை வேண்டுமா, அல்லது ராத்திரி இரண்டரை மணிக்கு நானே செய்துகொள்ள ஒன்று வேண்டுமா என்று பார்த்தால் போதும்.

ஆள் இல்லாமல் செய்துகொள்ளும் வழிகள்

யோக நித்திரையில் இன்னொருத்தரின் குரல் மட்டும் போதும். பீகாரில் முங்கேர் ஊரில் யோகப் பள்ளி நடத்திய சுவாமி சத்யானந்த சரஸ்வதி இன்றைய வடிவத்தில் இதைப் பரப்பினார். பூசையில் அர்ச்சகர் மந்திரம் சொல்லிக்கொண்டே தன் அங்கங்களை ஒவ்வொன்றாகத் தொடுவதைப் பார்த்திருப்பீர்கள், அங்கநியாசம், கரநியாசம் என்பார்கள். அதிலிருந்து மந்திரத்தை எடுத்துவிட்டு, தொடுவதற்குப் பதிலாக நினைவை மட்டும் கொண்டுபோவதுதான் இது. வலது கைக் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் என்று குரல் வரிசையாகச் சொல்லும், நீங்கள் பின்னாலேயே போக வேண்டும். பிறகு மூச்சை எண்ணுவது, பாரம், லேசு, குளிர், சூடு என்று எதிரெதிர் உணர்வுகளை வரவழைப்பது. மொத்தம் அரைமணி நேரம்.

இதில் எனக்கு ஒரு சிக்கல். 'தூங்கிவிடாதீர்கள், தூங்கிவிடாதீர்கள்' என்று குரல் சொல்லச்சொல்ல நான் இடது முழங்காலைத் தாண்டியதே இல்லை. யோக ஆசிரியரைக் கேட்டால் அது தப்பு என்பார். தூங்குவதற்குத்தானே கேட்கிறேன் என்பதால் நான் அலட்டிக்கொள்ளவில்லை. செலவு கிடையாது, தமிழிலேயே நல்ல பதிவுகள் கிடைக்கின்றன. குரல் பிடிக்கவில்லை என்றால் வேறு பதிவுக்கு மாறிக்கொள்ளுங்கள். எனக்கு வந்த முதல் பதிவில் பின்னணியில் புல்லாங்குழல் உயிரை எடுத்தது. கண்ணை மூடி அசையாமல் கிடந்தால் பழைய பயங்கரங்கள் மேலெழுந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் இதைத் தனியாகச் செய்யாமல் மனநல மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தது அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் வகுத்த முறை, 1929இல் இதைப் புத்தகமாகவே போட்டார். நம் தசைகள் இறுகியிருப்பது நமக்குத் தெரிவதில்லை, அதனால் வேண்டுமென்றே இறுக்கி, பிறகு விட்டுப் பார்த்தால் வித்தியாசம் உறைக்கும் என்பது அவர் கணக்கு. முஷ்டியை மடக்கி ஐந்து, ஏழு வினாடி இறுக்குங்கள். சட்டென்று விடுங்கள். அரை நிமிஷம் அந்தக் கை எப்படித் தொய்ந்து கிடக்கிறது என்று கவனியுங்கள். அப்புறம் முழங்கை, தோள், நெற்றி, தாடை, வயிறு, தொடை, கால். இதற்குப் பின்னால் எந்தச் சக்தியும் சக்கரமும் கிடையாது, அதனாலேயே சிலருக்குச் சப்பென்று இருக்கும். எனக்கு நான்கிலும் அதிகம் பலன் தந்தது இதுதான். தாடையை இறுக்கி விடுவதை இரவில் ஆறேழு முறை செய்து, மூன்று வாரத்தில் பல் கடிப்பது குறைந்ததை எங்க வீட்டுக்காரரே சொன்னார். ஒரே ஒரு எச்சரிக்கை. பாதத்தைக் கீழ்நோக்கி வளைத்து இறுக்காதீர்கள். முதல் நாள் நான் அப்படிச் செய்து கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு, நடுராத்திரியில் கட்டிலைவிட்டு எழுந்து நொண்டியடித்தேன். விரல்களை முகத்தை நோக்கி இழுத்து இறுக்கினால் பிடிக்காது.

மூச்சைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றும் இல்லை. நிமிஷத்துக்கு ஆறு மூச்சு அளவுக்கு மெதுவாக்கி, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதைச் சற்று நீட்டுங்கள். கவுன்டரில் வரிசை நிற்கும்போதே செய்யலாம், யாருக்கும் தெரியாது.

தூக்கமின்மை மாதக்கணக்கில் நீடித்தால் இவை எதுவுமே முதல் சிகிச்சை இல்லை. தூக்கப் பழக்கங்களையும் அது பற்றிய பயங்களையும் மாற்றும் நடத்தைவழி உளச்சிகிச்சையைத்தான் முதலில் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் 2016இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. தூக்க மாத்திரை அதற்கப்புறம்தான்.

கை வேண்டுமென்றால்

எண்ணெய்த் தேய்ப்பும் ரெய்கியும் இங்கேதான் நேருக்கு நேர் வருகின்றன. சித்த மருத்துவத்தில் இதற்குத் தொக்கணம் என்று பெயர், தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல் என்று ஒன்பது வகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பெயரைப் படிக்கும்போதே உடம்பு முறிகிறது அல்லவா. உடம்பு கல்லாக இறுகிப்போன ஆளுக்கு ரெய்கியைவிட இது நல்லது என்பேன், வலிக்கிற தசையை நேராகப் போய்ப் பிடிப்பதால். அரசு சித்த மருத்துவமனைகளில் தொக்கணம் கிடைக்கும். ஆனால் காய்ச்சல், தோலில் புண், எலும்பு தேய்மானம் முற்றிய முதியவர்கள், காலில் ரத்தம் உறைந்திருக்கலாம் என்று சந்தேகம் இருப்பவர்கள், அண்மையில் அறுவைச் சிகிச்சை ஆனவர்கள் இவர்களுக்கு அமுக்கித் தேய்ப்பது ஆபத்து. என் அத்தையின் முழங்கைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி, அழுத்தித் துடைத்தாலே கன்றிவிடும்.

ரெய்கிக்கு இந்த இடத்தில் மதிப்பு இருக்கிறது. அமுக்குவதில்லை, திருப்புவதில்லை, உடையைக் கழற்றச் சொல்வதில்லை, வாயில் எதையும் ஊற்றுவதில்லை. தொட வேண்டாம் என்றால் தொடாமலே செய்வார்கள். கீமோ எடுத்துக்கொண்டிருப்பவர், வயசானவர், 'இதைச் செய், அதை நினை' என்று சொன்னால் எரிச்சல்படும் அளவுக்குக் களைத்தவர் இவர்களுக்குப் பயிற்சி எதுவும் சொல்லித் தர முடியாது. வெறுமனே படுத்திருக்க முடியும். தனியாக இருப்பவர்களையும் இதில் சேர்க்க வேண்டும். நம் வீடுகளில் அறுபது தாண்டியவரைப் பிரியத்தோடு தொடுகிற கை எத்தனை? அவர்களுக்கு வாரம் ஒரு மணி நேரம், நம்பிக்கையான ஒருவர் செய்யும் ரெய்கி நல்ல செலவுதான். ஆள் யார் என்பது முக்கியம். அறைக் கதவு, கூட ஒரு துணை, எங்கே கை வைக்கப்போகிறார் என்று முன்கூட்டியே கேட்பது, இவற்றைக் கூச்சப்படாமல் தீர்த்துக்கொள்ளுங்கள்.

மத நம்பிக்கை இடறும் சிலருக்கு. அமெரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் 2009இல் கத்தோலிக்க நிறுவனங்களில் ரெய்கி கூடாது என்று அறிவித்தார்கள். அறிவியலும் இல்லை, கிறிஸ்தவமும் இல்லை என்பது அவர்கள் வாதம். என் தோழி ஒருத்தி அதைப் படித்துவிட்டு விலகிக்கொண்டாள், இப்போது ஜேக்கப்சன் முறையைச் செய்கிறாள்.

லெவலும் ரூபாயும்

மதினி எனக்குக் காசு வாங்கவில்லை. மதுரையில் விசாரித்தபோது ஓர் இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு 1,500 ரூபாய் சொன்னார்கள், பத்து முறைக்கு முன்பணம் கட்டினால் குறைப்பார்களாம். மொத்தமாகக் கட்டாதீர்கள். ஒரு தடவை போய்ப் பாருங்கள், பிடித்தால் அடுத்த தடவைக்கு அப்போது கொடுங்கள்.

கற்றுக்கொள்ளலாமா என்றால், முதல் லெவல்வரை சரி. ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும், தன் உடம்பிலேயே கை வைத்துக்கொள்ளும் முறையைச் சொல்லித் தருவார்கள். ராத்திரி படுக்கும்போது ஒரு கையை நெஞ்சிலும் ஒரு கையை வயிற்றிலும் வைத்து மூச்சைக் கவனிக்கும் பழக்கம் அந்தச் செலவுக்கு ஈடானதே. வகுப்புக்குப் போகாமலும் இதைச் செய்யலாம், ஆனால் காசு கட்டினால்தான் தினமும் செய்வேன் என்கிற ரகம் நம்மில் உண்டு. இரண்டாவது லெவலில் குறியீடுகளும், எங்கோ இருப்பவருக்கு இங்கிருந்தே சக்தி அனுப்புவதும் வரும். படுக்கவைத்துப் பக்கத்தில் இருப்பதுதான் இதில் நல்லதே என்று நினைக்கிற எனக்கு, பக்கத்திலேயே இல்லாத சிகிச்சையால் என்ன கிடைக்கும் என்று விளங்கவில்லை. மதினியிடம் இதைக் கேட்கவில்லை, அவர் சிங்கப்பூரில் இருக்கும் மகனுக்குத் தினமும் அனுப்புகிறார். மாஸ்டர் லெவல், அதையே தொழிலாக வைத்துக்கொள்பவர்களுக்கு.

சான்றிதழைப் பார்த்து மயங்க வேண்டாம். 2003இல் மத்திய சுகாதார அமைச்சகம் மாற்று மருத்துவங்களைப் பரிசீலித்து, ஆயுர்வேதம், சித்தா, யுனானி, ஹோமியோபதி, யோகா-இயற்கை மருத்துவம் இவற்றைத் தாண்டி எதற்கும் தனி மருத்துவ முறை என்ற அங்கீகாரம் தரவில்லை. ரெய்கி அந்தப் பட்டியலுக்கு வெளியே. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழ், கொடுத்தவரும் வாங்கியவரும் தங்களுக்குள் வைத்துக்கொண்ட ஒன்று.

எந்த இடத்தில் எழுந்து வந்துவிட வேண்டும் என்பதையும் சொல்கிறேன். 'மாத்திரையை நிறுத்திடுங்க' என்றால் செருப்பைத் தேடுங்கள். 'கட்டி கரையும்', 'சர்க்கரை இறங்கும்' என்றாலும் அப்படியே. சர்க்கரை நோய், புற்றுநோய் போன்றவற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வது 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், மந்திரம், தாயத்து வகைகளையும் அந்தச் சட்டம் பெயர் சொல்லியே பிடிக்கிறது. இன்னொன்று கொஞ்சம் நுணுக்கமானது. வலி கூடினால், 'உள்ளே இருக்கிற நச்சு வெளியேறுது, நல்ல அறிகுறி' என்பார்கள். குறைந்தாலும் பலன், கூடினாலும் பலன் என்றால் அந்தக் கணக்கு எந்தப் பேரேட்டிலும் நேராகாது.

என் வீட்டில் இப்போது நடப்பது இதுதான். வார நாட்களில் தாடைக்கும் தோளுக்கும் ஜேக்கப்சன். இரண்டரை மணிக்கு முழிப்பு வந்தால் யோக நித்திரை, காதில் ஒரு பக்கம் மட்டும் மாட்டிக்கொண்டு, மறு காது அத்தை அறைக்கு. சனிக்கிழமை நல்லெண்ணெய், வீட்டுக்காரர் வாய்க்காக. சாயங்காலம் அத்தைக்கு மருந்து கொடுத்த பிறகு அவர் நெற்றியில் பத்து நிமிஷம் கை வைத்து உட்கார்ந்திருக்கிறேன், நான் எந்த லெவலும் முடிக்கவில்லை. "உன் கை சூடா இருக்குடி, எடுக்காத" என்கிறார்.

மாதம் ஒரு தடவை மதினி பஸ் ஏறி மதுரைக்கு வருகிறார். போனை அணைத்துச் சமையலறையில் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்கிறேன். முடிந்ததும் அவர் தண்ணீர் கொடுப்பார், நான் டிகாஷன் இறக்கிக் காபி போடுவேன். சக்தியைப் பற்றி இரண்டு பேருமே பேச்செடுப்பதில்லை.